மாத்திரைக்குக் கட்டிய காப்பு

கம்பத்திலிருந்து தேனிக்குப் போகிற காலை பஸ். எனக்கு முன் சீட்டில் புருஷனும் பொஞ்சாதியும். ஒட்டுக் கேட்கிற ஆசையெல்லாம் எனக்கு இல்லை, புருஷன் குரல் டிரைவர் வரைக்கும் கேட்டது.

“சாமிக்குக் காப்பு கட்டுவாக. மாத்திரைக்குக் காப்பு கட்டுனவ உலகத்துலயே நீ ஒருத்திதான்டி!”

அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கிடந்தது.

“கேஸ் மாத்திரை போட்டா வயித்துக் கிருமி டெஸ்ட்ல சிக்காது, ரெண்டு வாரம் தொடாதீகன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாக. மறுநாளே முழுங்குனீக. போன தடவ டெஸ்ட்டுக்குக் குடுத்த தேதி வீணாப்போனது அதனாலதான?”

“நெஞ்செரிச்சல் எனக்குல்ல இருக்கு!”

“அதான் கட்டிவிட்டேன். டாக்டர் பேச்சை மீறுவீக, காப்பை மீற மாட்டீக.”

வீரபாண்டியில் வடைக்கூடை ஏறியது. அவர் தலை அந்தப் பக்கமே திரும்பியது.

“இங்கன பாருங்க. வெறும் வயித்தோட போறோம். குழாய் விட்டுப் பாக்குறதும் கிருமி டெஸ்ட்டும் இன்னைக்கே ஒண்ணா முடியணும். வெறும் அல்சர்தான், வெறும் அல்சர்தான்னு சொல்லியே உங்க அண்ணனைத் தூக்கிக் குடுத்தோம். அது பத்தாதா?”

அவர் வடைக்கூடையிலிருந்து தலையைத் திருப்பிக்கொண்டார். தேனி நெருங்கும்போது கயிற்றைத் திருகிக்கொண்டே கேட்டார்.

“டெஸ்ட் முடிஞ்சதும் அவுத்துறலாம்ல?”

“கிருமி இருந்தா, ரெண்டு வாரம் ஒரு வேளை விடாம மாத்திரை திங்கணுமாம். அதுக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கேன்.”