மன்னார்ப் பேச்சில் வந்த அழைப்பு

நகரிலிருந்து மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். ஒட்டுக்கேட்கிறவள் இல்லை நான். ஆனாலும் காதில் விழுந்தது. மகள் அமெரிக்காவில் பெரியம்மா வீட்டில் நின்று படிக்கிறவள், லீவில் வந்திருக்கிறாள்.

“கொம்யூனிற்றி கொலிஜிலை ரெண்டு வருசம், பிறகு யூனிவர்சிற்றிக்கு மாறலாம் அம்மா. இன்ரநெற்றிலை நடக்கிற குற்றங்களைப் பற்றின படிப்பு.”

“கள்ளரைப் பற்றிப் படிக்கவோ அவ்வளவு தூரம் போனனீ?”

“ஏமாந்த ஆக்களைப் பற்றியும் படிக்கிறம். வெக்கத்திலை அவை வாய் திறக்கிறேல்லை.”

தாய் மடியிலிருந்த வேலைப் பையை ஓரமாக வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

“பிள்ளை, நத்தார்ப் பண்டிகைக்கு முதல் ஒருத்தன் போன் எடுத்தவன். குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரிலை வேலையாம், இஞ்சை இருக்கிறதுக்கான என்ரை பெர்மெசோ விசாவைப் புதுப்பிக்கவேணுமாம். எங்கடை மன்னார்ப் பேச்சு. கோயிலிலை கண்டனான் அன்ரி எண்டான். பெர்மெசோவைப் படம் பிடிச்சு அனுப்பிப்போட்டன்.”

“அப்பாவுக்குத் தெரியுமோ?”

“ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“உங்கடை பேரிலை அவன் என்ன செய்தானோ தெரியாது. இண்டைக்கே பொலிசிலை சொல்லுவம்.”

“வேலை வீட்டுச் சின்யோரா பாத்துக்கொண்டு நிப்பா.”

“நிக்கட்டும்.”

“உன்ரை கொலிஜிலை என்னைப் பற்றி எழுதிப்போடாதை.”

“முதல்லை இஞ்சை எழுதிக் குடுப்பம் அம்மா,” என்று மகள் மணியை அழுத்தினாள்.

இறங்கி, தெருவைக் கடந்து, நகருக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக நின்றார்கள். தாயின் வேலைப் பை இப்போது மகளின் தோளில் இருந்தது.