ஆடி மாத ஃபோகஸ் டெஸ்ட்

கேமரா வாங்குகிறவர்கள் அதன் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடக் கூடாது மேடம். பிற்பாடு விற்கப் போகும்போது, பெட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். உங்கள் ஏட்டையா தம் மகளுக்கு ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ஜீப்பில் வரும்போது விசாரித்தார், தெரிந்ததைச் சொன்னேன். நீங்களும் கேட்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மதியழகன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கல்யாண ஆர்டர்தான் அதிகம். கதிர் என் கூட்டாளி. அம்மாபேட்டைக்காரன், தறிக்கார வீட்டுப் பிள்ளை, என் வயதுதான். நான் படம் எடுப்பேன். அவன் லைட் பார்ப்பான், ரிஃப்ளெக்டர் பிடிப்பான். வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடுகிற வெள்ளித் துணித் தட்டுக்குத்தான் அந்தப் பெயர். முறம் மாதிரி இருக்கும், ஆனால் ஆள் உயரத்தில் பாதி. எங்களுக்குள் சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது, இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதால் எங்கள் தொழிலில் எல்லோரும் சும்மாதான் இருப்போம். லென்ஸ் துடைப்பது, சாமான்களைச் சோதித்துப் பார்ப்பது எல்லாம் அந்த மாதத்தில்தான். போன ஆடியில் நானும் கதிரும் மேட்டூர் டேமுக்குப் போனோம். கரையிலிருந்து ஒரு பாறை தண்ணீருக்குள் நீண்டிருக்கும். அதன் நுனியில் கதிர் ரிஃப்ளெக்டரோடு நின்றான். பாறையில் பாசி. ஆடிக் காற்று தட்டில் அறைந்ததும் ஆள் உள்ளே போய்விட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது. பக்கத்தில் பரிசலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த சின்னுசாமி துடுப்பு வலித்து வந்து தூக்கிப் போட்டார். கரையேறி ஆளுக்கொரு டீ குடித்தோம், எல்லோரும் சிரித்தார்கள்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. அவன் விழுந்ததிலிருந்து தூக்கியது வரை விடாமல் எடுத்திருந்தேன், ஒரு படம்கூட உருப்படியில்லை. முகத்தை விட்டுவிட்டு அலையைப் பிடித்திருக்கிறது, அலையை விட்டுவிட்டு அக்கரை மலையைப் பிடித்திருக்கிறது. பழைய கேமராவின் ஆட்டோஃபோகஸ் அப்படித்தான், முன்னும் பின்னும் தேடிக்கொண்டே கிடக்கும். அந்த மாதிரி ஒரு முகபாவம் மனிதனுக்கு எப்போதாவதுதான் வரும். கல்யாண மாப்பிள்ளைகளிடம் நாள் முழுக்கக் கெஞ்சினாலும் அதில் கால்வாசி வராது. எனக்கு அழுகையே வந்துவிட்டது மேடம். கதிர் என் தோளில் தட்டி, "ஏன்டா, நான் சாகப் பாத்திருக்கறேன், நீ ஃபோகஸப் பத்திப் பேசிட்டிருக்கற" என்றான். அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அதற்கப்புறம்தான் கேமரா கம்பெனியையே மாற்றினேன். இருந்த கேமரா, லென்ஸ் எல்லாவற்றையும் விற்றுத் தள்ளிவிட்டு, மிரர்லெஸ் என்கிற புது வகைக் கேமராவுக்கு வந்தேன். மாறுவது லேசுப்பட்ட காரியமில்லை. பட்டன்கள் இடம் மாறியிருக்கும், ஜூம் வளையம் எதிர்ப்பக்கம் சுற்றும். வைகாசியில் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து நான் மெனுவுக்குள் போய் மாட்டிக்கொண்டேன். ஆனால் கண் ஃபோகஸ் என்று ஒன்று கொடுத்திருக்கிறான் பாருங்கள், அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆளின் கண்ணைத் தானாகவே கண்டுபிடித்துச் சின்னதாக ஒரு கட்டம் போடும். திரும்பினாலும் குனிந்தாலும் விடாது, ஓமப் புகையில்கூட விடவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். எதோடு ஒப்பிட்டுப் பிரமாதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இடம், வெளிச்சம், ஆள் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும் மேடம். இல்லாவிட்டால் அது வெறும் வாய்ப்பேச்சு.

ஆகவே இந்த ஆடியிலும் மேட்டூர் போனோம். "போன வருசம் போட்ட சட்டையவே போடோணுமாடா?" என்று கதிர் கேட்டான், போடச் சொன்னேன். முகம் சுளிக்காமல் போட்டுக்கொண்டு வந்தான். அப்படி ஒரு கூட்டாளி கிடைப்பது கஷ்டம்.

இரண்டு சின்னச் சிக்கல்கள் இருந்தன. முந்தின நாள் நான் மட்டும் போய்ப் பார்த்தபோது பாறையில் பாசி காய்ந்திருந்தது. லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட ஆயில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போய் நுனியில் தடவினேன். பாசிக்குப் பதிலாகத்தான், வேறு எண்ணம் இல்லை. இன்னொன்று சின்னுசாமி. போன தடவை அவர் அவசரப்பட்டு வந்ததில் டெஸ்ட் பாதியில் நின்றுவிட்டது. அதனால், அக்கரையில் காலேஜ் பையன்கள் பரிசலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். "அப்ப நான் போய்ட்டு வாரனுங்க. தம்பியக் கொஞ்சம் உள்ள தள்ளி நிக்கச் சொல்லுங்க சாமி, போன தடவையாட்ட ஆயிரப் போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கமான மனிதர்.

காற்று வந்தது, கதிர் விழுந்தான். கட்டம் அவன் கண்ணை விட்டு அசையவில்லை. தண்ணீர் தெறிக்கிறது, கை குறுக்கே வருகிறது, தலை உள்ளே போய் மேலே வருகிறது. வந்தவுடனே கட்டம் கண்ணில் உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு வந்த சந்தோஷத்தில், "சூப்பர்டா கதிர்" என்று வாய்விட்டே சொன்னேன்.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்கு அவன் வீட்டில் படம் கேட்டார்கள். எந்நேரமும் கேமராவுக்குப் பின்னால் நின்றவன், அவனுக்கென்று நல்ல படம் ஒன்றுகூடக் கிடையாது. ஆதார் அட்டைப் படத்தையா போடுவது? எனக்கு மனசு கேட்கவில்லை, இருந்ததிலேயே நல்லதாக எடுத்துக் கொடுத்தேன். கழுத்துக்கு மேலே வெட்டியெடுத்து, ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கோட்டு சூட்டு ஒட்டிவிட்டார். தெருமுனையில் அவ்வளவு பெரிதாகக் கட்டியும் இமை முடி தனித்தனியாகத் தெரிந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கண்ணு பேசுது என்றார்கள். அவன் மனைவி ஜோதி மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏனுங்கண்ணா, இது எப்ப எடுத்ததுங்க? கோட்டு போட்டிருக்கறாரு, தல நனைஞ்சிருக்குதே" என்றாள். முடியை உலர்ந்த மாதிரி திருத்துவது பத்து நிமிட வேலை. நான்தான் கவனிக்கவில்லை, கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

மெமரி கார்டை நீங்களே பார்த்துவிட்டீர்கள். நான் தூரத்தில் இருந்தேன், ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது என்று நேற்றுச் சொன்னேன். ஆரம்பத்தில் அது உண்மைதான், முதலில் உள்ளவை எல்லாம் பெரிய ஜூமில் எடுத்தவை. அப்புறம் காற்று அவனைப் பாறைப் பக்கமே தள்ளிக்கொண்டு வந்தது. ஜூமில் முகம் அடங்கவில்லை. நான் பாறையின் ஓரத்தில், ஆயில் இல்லாத பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து முகம் எடுப்பதற்கென்றே உள்ள எண்பத்தைந்து எம்.எம். லென்ஸுக்கு மாற்றினேன். லென்ஸ் மாற்றும்போது உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. எதற்காகவும் பதறாமல் செய்ய வேண்டிய வேலை அது.

அதன் பிறகு நாலைந்து படங்கள் மங்கலாக இருக்கின்றனவே, அப்போதாவது கை நடுங்கியதா என்று கேட்கிறீர்கள். இல்லை மேடம். கேமராவின் குறையும் இல்லை, அதைத் தப்பாக எழுதிவிடாதீர்கள். அந்த லென்ஸுக்குக் கிட்டத்தட்ட மூன்றடி தூரம் வேண்டும், அதைவிடக் கிட்டே வந்தால் எந்தக் கேமராவாக இருந்தாலும் தெளிவாக வராது. கதிர் ஒரு கையால் பாறையையும் மறு கையால் என் பேண்ட்டையும் பிடித்திருந்தான். "மதி, கையக் குடுறா" என்றான். நான் எழுந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். ஃபோகஸ் உடனே பிடித்துக்கொண்டது.