வார்னிஷில் படிந்த ஆவி

கிட்டாரைத் துடைக்கும்போது பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, ஈரத் துணியை எடுப்பது. ஈரம் தேவையில்லை. வாயை அருகில் கொண்டுபோய் மெதுவாக ஒரு மூச்சு விட்டால் போதும். வார்னிஷின் மேல் ஆவி வட்டமாகப் படியும். அது மறைவதற்குள் பழைய பனியன் துணியால் துடைத்துவிட வேண்டும். விரல் ரேகை, தெறித்த எச்சில், வியர்வை உப்பு எல்லாம் அதோடு வந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுத்தவன் என் அண்ணன். நீங்கள் கேட்ட விஷயத்துக்கு இது தேவைப்படும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிட்டார் அவனுடையது. சாயங்காலங்களில் ஓர் உணவகத்தில் வாசிப்பான். சாப்பிடுகிறவர்கள் யாரும் கேட்பதில்லை என்று அவனே சொல்வான். "நான் நிறுத்தினா மட்டும் நிமிர்ந்து பார்ப்பாங்கடா, ஃபேன் நின்ன மாதிரி." எனக்குப் பார்சல் கிடங்கில் இரவு வேலை. கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டபிறகு கிடைத்தது அதுதான். வேறு எதையும் நான் தேடவில்லை. அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒரே அறை, ஒரே கட்டில். காலையில் அவன் எழுந்துபோன மெத்தையில் சூடு ஆறுவதற்குள் நான் படுப்பேன்.

படுப்பதற்கு முன் கிட்டாரைத் துடைப்பேன். ஒன்பது வருடம், ஒரு நாள் விட்டதில்லை. கிட்டார் பெட்டிக்குள் மூடி போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. கம்பியை மீட்டும் வில்லைகளோடு அண்ணனின் இன்ஹேலரும் அதில்தான் இருக்கும். சின்ன வயதிலிருந்து அவனுக்கு இளைப்பு. இன்ஹேலரின் மூடி கழன்று விழாமலிருக்க ஒரு ரப்பர் பேண்டு சுற்றியிருப்பான். ரப்பர் பட்ட இடத்தில் வார்னிஷ் இளகிப்போகும். எனவே முதல் வேலையாக இன்ஹேலரை எடுத்து அலமாரியின் மேல் வைப்பேன். துடைத்து முடித்ததும் திருப்பி வைப்பேன். ஒன்பது வருடமும் தவறாமல் திருப்பி வைத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து மூச்சு, துணி. பிசுக்கு போகாவிட்டால் லைட்டரில் ஊற்றும் பெட்ரோல் இரண்டு சொட்டு. கடைசியாகப் பாலிஷ், பட்டாணி அளவு. அண்ணனுக்கு இது பிடிக்காது. "தினமும் பாலிஷ் போட அது என்ன பூட்ஸாடா? ஒரு நாளைக்காவது விடேன்." அவனுக்கு என்ன தெரியும். அவன் வியர்வை அமிலம் மாதிரி. முன்கை படும் ஓரத்தில் வார்னிஷ் மெலிந்து மரம் தெரிய ஆரம்பித்திருந்தது. அந்த இடத்தை நான் கூடுதலாகத் தேய்ப்பேன்.

அவனிடம் பேசியது குறைவு. கிட்டாரைப் பார்த்தாலே அவன் முந்தைய நாள் தெரிந்துவிடும். கோபமாக வாசித்திருந்தால் கம்பிக்குக் கீழே நகக்கீறல். உடம்பு சரியில்லை என்றால் வியர்வை முதுகுப்பக்கத்திலும் இருக்கும். அதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் தூங்குவேன்.

மூன்று மாதம் முன்பு ஒரு நாள் காலை நான் வேலை முடிந்து வந்தபோது அவன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். கிட்டாரை ரிப்பேர்காரரிடம் கொண்டுபோகிறானாம்.

"மேல இருக்கிறதை முழுசா உரிச்சு எடுக்கணுமாம்டா. சத்தமே வெளிய வரல. மூச்சு முட்டுதாம்."

"யாருக்கு?"

"கிட்டாருக்குத்தான். எனக்கு முட்டினா நானே சொல்ல மாட்டேனா?"

ஏன் உரிக்க வேண்டும் என்று கேட்டேன். "விடுடா, சும்மாதான்" என்று சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

உப்புத்தாளால் தேய்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் ஒரு மணி நேரத்தில் தூளாகத் தரையில் கிடக்கும். கடைசியாக ஒரு தடவை துடைத்துத் தருகிறேன் என்றேன்.

"உரிக்கப்போற கோழியைக் குளிப்பாட்டுறியா? சரி, சீக்கிரம் முடி."

பெட்டியைத் திறந்து இன்ஹேலரை எடுத்தேன். அலமாரியின் மேல் வைக்கவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தினேன், தூசி வந்தால் பாலிஷில் ஒட்டும். பெட்ரோலை அன்று சொட்டு எண்ணி ஊற்றவில்லை.

இருமினான். ஜன்னலைத் திறக்கச் சொன்னான். ஒரு நிமிடம் என்றேன். கட்டிலில் உட்கார்ந்தான். பிறகு பெட்டியின் சின்ன அறைக்குள் விரலால் துழாவினான். வில்லைகள் தரையில் சிதறின. என் வழக்கம் தெரியும் என்பதால் எழுந்து அலமாரியின் மேலும் கையை நீட்டிப் பார்த்தான். "டேய், எங்கடா" என்றான். அதற்கே இரண்டு மூச்சு ஆனது. நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது என் சட்டைப் பையைப் பார்த்தான். அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை.

இளைப்புச் சத்தம் அடங்கியதும் கிட்டாரின் முதுகை அவன் மூக்கருகில் பிடித்தேன். ஆவி வட்டமாகப் படிந்தது. உயிர் இருந்தது. பிறகு கூப்பிட்டபோது ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வந்தது. அப்போதே கூப்பிட்டிருந்தாலும் அதே பன்னிரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். ஆனால் வார்னிஷில் ஆவி தங்கக் கூடாது. துடைத்தேன். மறுபடி பிடித்தேன். முன்னைவிடச் சின்ன வட்டம். அதையும் துடைத்தேன். ஏழு தடவை துடைத்தேன். எட்டாவது தடவை துடைக்க எதுவும் இல்லை.

இன்ஹேலரைப் பெட்டியில் திருப்பி வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். ஃபோன் செய்தேன். டாக்டர் இளைப்பு என்று எழுதினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைத்தான் தேற்றினார்கள்.

அதன்பிறகு கிட்டாரை யாரும் வாசிக்கவில்லை. துடைக்க அதில் ஒன்றும் இருப்பதில்லை. ஆனாலும் தினமும் காலையில் துடைத்தேன்.

போன வாரம் ரிப்பேர்காரர் துக்கம் கேட்க வந்தார். கிட்டாரை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இனிமே சொன்னா என்ன. உங்க அண்ணன்தான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. தினமும் போட்ட பாலிஷ் ஏறி ஏறி, சாக்கைப் போத்தின மாதிரி ஆயிடுச்சு தம்பி. ஓரமெல்லாம் தேய்ச்சே மரத்தை எடுத்துட்டீங்க. 'தான்தான் கெடுத்தோம்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான். புது வார்னிஷ் போட்டுக் கொடுங்க, மறுபடி ஆசையா துடைக்கட்டும்'னு சொன்னாரு."

இதையே அவர் அந்த உணவகத்திலும் போய்ச் சொல்லியிருக்கிறார். அது தவறு என்று பதிவாக வேண்டும் என்றுதான் நானாகவே இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் அதை விட்டுவிட்டு இன்ஹேலரைப் பற்றியே கேட்கிறீர்கள். அதில் மறைக்க எதுவும் இல்லை. அண்ணனைக் கொன்றது நான்தான்.

கிட்டாரைக் கெடுத்தது நான் இல்லை. அது அவன் வியர்வை.