முக்கால் வண்டி

பகலில் தூங்குவதும் ஒரு வேலைதான். அதற்குச் சம்பளம் கிடையாது, அவ்வளவே வித்தியாசம். ஒரு கிடங்கில் இரவு முழுக்கப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, விடிந்ததும் அக்கா வீட்டுக்கு வந்து படுப்பேன். என் ஜன்னலுக்கு வெளியேதான் அவர்கள் கார் நிற்கும். நான் கண்ணை மூடும் நேரத்துக்குச் சரியாக அத்தான் வந்து ஸ்டார்ட் செய்வார்.

எஞ்சின் சத்தத்தில் ஒரு குறை இருந்தது. மூன்று அடி ஒழுங்காக விழும், நான்காவது விழாது. வண்டி ஒரு உதறு உதறும். படுத்திருப்பவனுக்கு அந்த விழாத அடிதான் காதில் விழும்.

காயிலைப் பாருங்கள் என்று முதல் நாளே சொன்னேன். பிளக்குக்கு நெருப்பு கொடுப்பது காயில்தான். அத்தான் கேட்கவில்லை. ஒரு மெக்கானிக் பிளக்குகளை மாற்றினான். இன்னொருவன் பெட்ரோல் வரும் பாதையைச் சுத்தம் செய்தான். உதறல் மட்டும் ஒவ்வொரு முறையும் பத்திரமாக வீடு திரும்பியது.

"அன்னைக்கே சொன்னேனே, காயில்னு" என்றேன்.

"முக்கால் சொல்லிட்டாருப்பா. எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார் அத்தான்.

முக்கால் என்பது நான். நான்கு வருட இன்ஜினியரிங் படிப்பை மூன்றோடு விட்டுவிட்டு வந்தவன். அந்தப் பெயரை வைத்தவர் அவர். அவர் என்ன சொன்னாலும் அக்காவுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் மகள் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளும் ஒருநாள் "முக்கால் மாமா" என்று கூப்பிட்டாள். பிள்ளையைத் திருத்துங்கள் என்றேன்.

"அவ கணக்குல கெட்டிடா மாப்ள" என்றார் அத்தான்.

பிறகு ஒரு விடுமுறை நாளில் அவரே சாவியை நீட்டினார். "நீயே பாரு. அடுத்த வாரம் பாப்பாவக் கூட்டிக்கிட்டு மலைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போகணும். இருக்கறதையும் கெடுத்து வெச்சுடாத."

சோதனை எளிது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே காயில்களின் இணைப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஒன்றைப் பிடுங்கியதும் வண்டி இன்னும் மோசமாக உதறினால், அது அதுவரை உழைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். எதைப் பிடுங்கியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ, அதுதான் செத்தது. முதலாவதில் வண்டி தடுமாறியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"இதுதான். இருந்தாலும் ஒண்ணுதான், பிடுங்கினாலும் ஒண்ணுதான்."

"நம்ம முக்கால் மாதிரி" என்றார் அத்தான்.

சமையலறையிலிருந்து அக்கா சிரித்தது கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. நினைவுதான் வந்தது. ஒருமுறை வேறு ஊர்க் கிடங்கில் ஆள் குறைவு என்று என்னை இரண்டு வாரம் அங்கே அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது, "நேத்து சாப்பிட வரலையேடா" என்று மட்டும் கேட்டாள் அக்கா.

புதுக் காயிலைப் போட்டேன். வண்டி பட்டுப்போல் ஓடியது. அத்தான் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து பானெட்டைத் தட்டினார். "பரவால்லயே, வண்டி முழுசாயிடுச்சு. மெக்கானிக்தான் இன்னும் முக்கால்."

அன்றே நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அதிகம் எதிர்பார்க்கிறவன் இல்லை.

அத்தானும் பாப்பாவும் மலைக்குக் கிளம்புவதற்கு முன்தினம் புதுக் காயிலைக் கழற்றினேன். பழையதில் மயிரிழை விரிசல் இருந்தது; நெருப்பு பிளக்குக்குப் போகாமல் அதன் வழியாகத்தான் கசிந்தது. அதன்மேல் பசை தடவி, காயவைத்து, மறுபடி பொருத்தினேன். சூடு ஏறும்வரை அது தாங்கும். மலை ஏற்றத்தில் தாங்காது. அத்தானுக்கு ஏற்றத்தில் லாரியை முந்துகிற பழக்கம். முழு வண்டி என்று நம்பி முந்துகிறவருக்குப் பாதி வழியில் முக்கால் வண்டிதான் மிஞ்சினால் என்ன ஆகும் என்பது சின்னக் கணக்கு. அவர் மகளே போட்டுவிடுவாள்.

கிளம்பும்போது முன் சீட்டுக்குத்தான் அவள் அடம்பிடித்தாள். நான் அவளைத் தூக்கிப் பின்னால் உட்காரவைத்து, நானே பெல்ட்டை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். ஈவிரக்கம் இல்லாதவன் இதையெல்லாம் செய்வானா? அவளுக்குக் கை மட்டும்தான் உடைந்தது.

வளைவில் அவசரப்பட்டு முந்தினார் என்று விசாரித்தவர்கள் எழுதி முடித்தார்கள். எதிரே வந்த லாரிக்காரரும் அதையேதான் சொன்னார். நசுங்கிய எஞ்சினைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அங்கேயும் யாராவது காயிலைப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது ஜன்னலுக்கு வெளியே சத்தமே இல்லை. இந்த வீட்டில் உதறல் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு வெகுநாளாகத் தெரியும். அதைப் பிடுங்கினால் மற்றதெல்லாம் எப்போதும்போல் ஓடும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் அடுப்பு எரிவதில்லை. அக்கா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாள். பாப்பா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் நானே, "முக்கால் வந்தாச்சு, சோறு இருக்கா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது. இவ்வளவும் செய்து கொடுத்த பிறகும் வீடு ஓட மாட்டேன் என்கிறது.

சோதனை பொய் சொல்லாது, அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் பிடுங்கிப் பார்த்துவிட்டு முடிவு கட்டியதுதான் தப்பு. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சோதிக்கிறவன் நான், என்னைக் கணக்கில் சேர்க்க முடியாது. இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.