இருட்டு வராந்தா

“அந்த ஸ்பேஸ்ஷிப் வராந்தால நம்மளக் கொல்ல ஒருத்தனும் இல்லக்கா.”

பழவங்காடியில் பஸ் ஏறி, அக்காவோடு என் முன்சீட்டில் உட்கார்ந்த பெண்தான் சொன்னாள். இருவருக்கும் முப்பது தாண்டியிருக்கும்.

“எந்த ஸ்பேஸ்ஷிப்?”

“சின்ன வயசுல விளையாடுவோமே, அந்த கேம். புது லேப்டாப்புல ஒருவழியா ஓட வச்சேன். இப்ப எல்லாம் தெளிவாத் தெரியறது, கேட்டியா. நான் பயந்து கண்ண மூடிப்பேனே, அந்த இருட்டு வராந்தா, அதுல வெறும் சுவருதான்.”

“தெரியும்.”

“தெரியுமா? ராட்சசன் நிக்கறான், நான் கடத்தி விடறேன்னு கீபோர்ட வாங்கிப்பியே!”

“பின்ன, சும்மா கேட்டா தருவியா?”

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பானூரில் பஸ் நின்றது.

பிறகு, திரும்பாமலே சொன்னாள்: “அந்த வராந்தாவத் தாண்டினா, அடுத்த ரூம்ல நெஜமாவே ஒண்ணு நிக்கறது. என்னால முடியல. சாயந்திரம் வர்றியா?”