அடங்காத கிருமியும் அடங்கிய காய்ச்சலும்

— ஆகவே, மகளே, எஞ்சிய கிருமிகள் யாவும் ஒன்றுகூடி, "இனி இந்த மருந்துக்கு நாம் அஞ்சப்போவதில்லை!" என்று சூளுரைத்தன!

— ஐயோ, அந்தத் தலையணையைக் கீழ வைங்க. இது ஆஸ்பத்திரிங்க, நாடகக் கொட்டகை இல்ல. பக்கத்துக் கட்டில் பாப்பா இப்பதான் கண்ணசந்துச்சு.

— அம்மா, நீ சும்மா இரும்மா! அப்பா, அப்புறம் கிருமி என்ன பண்ணுச்சு?

— அப்புறம், அவை உன் மூக்கினின்று புறப்பட்டு, நுரையீரல் என்னும் கோட்டையைக் கைப்பற்றின. பழைய மருந்து கோட்டை வாயிலில் வந்து நின்றது. கிருமிகளோ அதைக் கண்டு எள்ளி நகையாடின!

— எள்ளின்னா?

— கேலி பண்ணிச் சிரிச்சுச்சாம்டி. உங்கப்பா நாப்பது வயசுல பத்தாம் வகுப்பு பாஸ் பண்ணாரு பாரு, அன்னைலேருந்து வீட்ல தண்ணி கேட்டாக்கூட "பருகுவதற்கு நீர் உண்டோ"ன்னுதான் கேக்கறாரு. இவரு ஓட்டற லாரியில கூடப் போற கிளீனர் பையன் பாவம், என்னத்தப் புரிஞ்சுக்கிட்டு டயருக்குக் கட்டை வைக்கிறானோ!

— ஏளனம் வேண்டாம். தமிழ்ப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் பெற்றவன் யான். இதோ, வெப்பமானியை நீயே நோக்குக. காய்ச்சல் அறவே நீங்கிற்று!

— பாத்துட்டேங்க. பரவாயில்ல, இன்னொரு தடவை காட்டுங்க... இல்ல! நெஜமாவே இல்ல! எனக்குச் சிரிப்பு சிரிப்பா வருது, கண்ணுலயும் தண்ணி தண்ணியா ஊத்துது.

— அம்மா லூசு!

— ஆமாடி செல்லம், லூசுதான். முந்தாநேத்து இதே கட்டில்ல நீ மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப... வேணாம், இப்ப எதுக்கு அந்தப் பேச்சு. ஏங்க, ஆடாதீங்க, ஊசித்தண்ணி ஏத்தற கம்பி சாஞ்சிடப் போவுது!

— எங்ஙனம் ஆடாதிருப்பேன்? ஆய்வுக்கூடத்தில் நம் மகளின் கிருமியை ஒரு தட்டில் வளர்த்து, அதன்மேல் மருந்துப் பொட்டுகளை வைத்தார்களாம். பழைய மருந்தின் பொட்டை உரசிக்கொண்டே கிருமி செழித்து வளர்ந்திருந்ததாம். இப்போது போடும் ஊசி மருந்தையோ கிட்ட நெருங்கவும் துணியவில்லையாம். நாளை நாம் வீடு திரும்பலாம்!

— எல்லாம் சரி. ஆனா அந்த டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டாங்களே, அதுதான் முள்ளா குத்துது. காதுவலி, நெஞ்சுச்சளின்னு முன்னாடி குடுத்த மருந்தையெல்லாம் அளவு குறையாம, நாள் குறையாம குடுத்தீங்களான்னு. அரைகுறையா குடுத்தா நோஞ்சான் கிருமி செத்துப்போயி, முரட்டுக் கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகுமாம். என்னைப் பாத்தா அரைகுறைக்காரி மாதிரியா இருக்கு?

— நீயா? கடிகாரமே உன்னைப் பார்த்தன்றோ தன் நேரத்தைத் திருத்திக்கொள்ளும்!

— அடிச்சுச் சொன்னேன் அவங்ககிட்ட. ஒரு வேளை தவறினதில்ல, ஒரு சொட்டு குறைஞ்சதில்ல, சொன்ன நாள் முடியற வரைக்கும் குடுத்தேன்னு. "அப்போ வேற யார்கிட்டேருந்தாவது ஒட்டியிருக்கும், வீட்ல இன்னொரு குழந்தை இருக்கா?"ன்னாங்க. சின்னவன் இருக்கான்னேன். "இது எச்சில் மூலமாவும் சளி மூலமாவும் பரவும். அவனுக்கு இருமல் வந்தா ஒரு நிமிஷம் யோசிக்காம தூக்கிட்டு வாங்க"ன்னுட்டாங்க.

— சின்னவன் சிங்கக்குட்டி! அவனைத் தன் வீட்டில் வைத்துக் காக்கும் என் அக்காள் சற்றுமுன் தொலைபேசியில் உரைத்தாள். காலையிலிருந்து சிறிதே இருமுகிறானாம். ஆயினும்...

— என்னது? இருமறானா? அதைப் போயி இப்ப ஆற அமரச் சொல்றீங்க!

— பதறற்க! குழாயடியில் நீரளைந்து விளையாடினானாம். வெறும் ஜலதோஷம். வேறு யாரிடமோ ஒட்டிக்கொண்டு வந்த கிருமிக்கு நீ ஏன் கலங்குகிறாய்? உன் கையால் மருந்துண்ணும் வீட்டில் முரட்டுக் கிருமி முளைக்குமா?

— அதுவும் சரிதான். பெருமைக்குச் சொல்லல, மத்த வீட்ல மருந்துன்னா பிள்ளையைத் துரத்திப் பிடிச்சு, மூக்கை அமுக்கி ஊத்தணும். நம்ம குட்டி தானா வந்து வாயைத் தொறப்பா. ஏன்டி, அப்பாகிட்ட நீயே சொல்லு. அம்மா குடுத்த மருந்தையெல்லாம் முழுசா முழுங்கினியா இல்லையா?

— இல்லையே! அது இனிப்பா இருக்கும்ல, தம்பியும் கேப்பான். அதனால வாய்லயே வச்சுக்கிட்டு உள்ள ஓடிப்போயி, குருவி குஞ்சுக்கு ஊட்டுமே அப்பா, அந்த மாதிரி அவன் வாய்ல பாதியை ஊத்திட்டு, மீதியைத்தான் நான் முழுங்குவேன். தினமும்!