டைகருக்கு விரிச்ச சட்டை

ஏய், அந்த நாயை அதட்டாத. கீழ கெடந்து முனகினா முனகிட்டுப் போவுது, உனக்கு என்ன? கரண்ட் இல்லாம மொட்டை மாடியில கொசு அடிச்சிட்டு உக்காந்திருக்கோம். இதுல நாய் முனகித்தான் உன் தூக்கம் கெட்டுச்சாக்கும்? முனகட்டும். அது முனகுற வரைக்கும் நமக்கு நல்லது.

ஏன்னு கேக்குறியா? சொல்றேன். பாயை இப்படி இழுத்துப் போடு. சுகன்யா, அந்த செல்லு வெளிச்சத்தை அமத்து.

கீழ தூங்குறாளே வெற்றிச்செல்வி, அம்பிகாவோட அக்கா... அவளுக்கு நடந்தது இது. அம்பிகா இந்தா பக்கத்துலதான் இருக்கா. நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னா அவளே என் வாயில அடிக்கட்டும்.

ராத்திரி பத்து மணி இருக்கும்னு வச்சுக்க. கல்லங்குறிச்சி ரோட்டுலேருந்து ஒரு மண்ணு ரோடு பிரியும். ஒரு பக்கம் முள்ளுக்காடு. இன்னொரு பக்கம் சுண்ணாம்புக் கல்லு வெட்டிட்டு அப்படியே விட்ட பள்ளம்... பச்சைத் தண்ணி, ஆழம் யாருக்கும் தெரியாது. ஒரு விளக்கு கிடையாது. அந்த ரோட்டுல கடைசி வூடு வெற்றியோடது.

பத்து மணிக்குத்தான் அவ புருசன் வீரமணி வருவான். பகலெல்லாம் டிப்பர் ஓட்டுவான், பொழுது சாஞ்சா குடிப்பான். பைக்குல சைலன்சர் ஓட்டை. டப்... டப்... டப்... கீழ கெடக்குதே இதே நாய், டைகரு, அதுக்கு மெயின் ரோட்டுலயே கேட்டுடும். நம்ம காதுக்கு வர்றதுக்கு முன்னாடியே அதுக்குக் காலு நாலும் நடுங்கும், நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிடும். வந்தவன் மொத உதையை அதுக்குக் குடுப்பான். அடுத்தது அவளுக்கு.

பேருதான் டைகர். தட்டு விழுந்தா பயம், இடி இடிச்சா பயம். குவாரியில வெடி வைக்கிறதுக்கு முன்னாடி சங்கு ஊதுவாங்கல்ல, அது கேட்டா போதும்... வெற்றி அடுப்புல இருக்கறதைப் போட்டுட்டு ஓடியாந்து தரையில உக்காந்துக்குவா. தலையை மடியில வச்சு, முந்தானையப் போர்த்தி, ரெண்டு காதையும் உள்ளங்கையால பொத்துவா. "ஒண்ணுமில்லடா தங்கம்... நான் இருக்கேன்ல." காதுக்குப் பின்னால தேய்ச்சு விட்டுக்கிட்டே இருப்பா. அது கொஞ்ச நேரம் முனகும், பெறவு தூங்கிடும். புள்ள இல்லாத வூட்டுல அதுதான் அவளுக்குப் புள்ள.

போன ஐப்பசி மழையில வீரமணி பைக்கோட அந்தப் பள்ளத்துல போயிட்டான். காலையிலதான் தூக்குனாங்க. செத்தவனைப் பத்தித் தப்பாப் பேசக் கூடாதும்பாங்க, நான் பேசுவேன். நாசமாப் போனவன். ஊரே அழுதப்ப எனக்குக் கண்ணுல ஒரு சொட்டு வரலை.

கருமாதி முடிஞ்சுச்சு. அவன் துணிமணி எல்லாம் மூட்டை கட்டி சுடுகாட்டுல போட்டாச்சு. ஒரு துணி கூட வூட்டுல தங்கக் கூடாதுல்ல. சொந்தக்காரங்க கெளம்பிட்டாங்க. அவளும் நாயும் மட்டும். இனிமேவாவது நிம்மதியா தூங்குவான்னு நாங்க நெனச்சோம்.

எங்க? பத்து மணி ஆனா டைகர் வாசலைப் பாக்கும். நடுங்கும். முனகிக்கிட்டே கதவுக்கும் அடுப்படிக்கும் ஓடும். இவ காதைப் பொத்திக்கிட்டு விடிய விடிய உக்காந்திருப்பா.

அப்பதான் நம்ம அம்பிகா செல்லுல என்னமோ வீடியோ பாத்துட்டு அக்காவுக்குப் போன் போடுறா. எசமான் செத்துட்டா நாய்க்கு ஏக்கம் வருமாம். அவரு வாசனை இருக்குற துணியை விரிச்சு விட்டா அடங்கிடுமாம்... ஏக்கமாம் ஏக்கம்! எட்டி உதைச்சவன் மேல என்னடி ஏக்கம்?

"சிந்தாமணி, போதும்டி. எனக்கு அப்பத் தெரியுமா?"

தெரியாதுதான். விடு. நீயும் நல்லதுக்குத்தான் சொன்ன.

குளிக்கிற எடத்துக்குப் பின்னால ஒரு சட்டை கெடந்திருக்கு. ஊதாச் சட்டை, வேலைக்குப் போடுறது. மூட்டை கட்டுறப்ப யாரு கண்ணுலயும் படலை. அதையும் கொண்டு போய்ப் போட்டிருக்கணும். போடலை. உள்ள எடுத்துட்டு வந்து மூலையில விரிச்சா, டைகருக்கு.

பத்து மணி. முனகிக்கிட்டு இருந்த நாய்... பாதியில நிறுத்திடுச்சு. தானா நடந்து போயி அந்தச் சட்டை மேல படுத்துச்சு. மோவாய் தரையில. வாலு வயித்துக்கடியில. விடியற வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. வெற்றிக்கு அவ்வளவு சந்தோசம். "அடங்கிடுச்சுடி அம்பிகா, புள்ள நிம்மதியாப் படுத்திருக்கு"ன்னு போன்ல அழுவுறா.

அப்புறம் தினமும் அப்படித்தான். ஆனா சோத்தைத் தொடலை. சங்கு ஊதுனா கூட மடிக்கு வரலை. இவளும் போன்ல பேச்சைக் கொறைச்சுட்டா. என்னமோ சரியில்லைன்னு அம்பிகா ஒரு நாள் பஸ் ஏறிப் போனா. ராத்திரி அங்கயே தங்கிட்டா.

கதவு தாப்பா போட்டிருக்கு. விளக்கை அமத்திட்டு படுத்திருக்காங்க, சன்னல் வழியா நெலா வெளிச்சம் கொஞ்சம். பைக்கு சத்தமெல்லாம் எதுவும் இல்லை. மொதல்ல வாசனைதான் வந்துச்சாம்... டீசல். பிராந்தி. அதுக்கும் மேல, நாள்பட்ட பாசித் தண்ணி வாசனை.

டைகர் போயி சட்டையில படுத்துச்சு. அம்பிகா கூப்புடுறா. அது கண்ணைக் கூட அசைக்கலை.

அப்ப வெற்றி பாயிலேருந்து எந்திரிக்கிறா. இருட்டுலயே அடுப்படிக்குப் போயி தட்டைக் கழுவுனா. சோத்தைப் போட்டு, கொழம்பை ஊத்தி, சட்டைக்குப் பக்கத்துல வச்சா. வச்சுட்டு செவுத்தோட ஒட்டி நின்னுக்கிட்டா.

"யாருக்குக்கா?"

வாயில வெரலை வச்சாளாம். "கத்தாதடி... கத்துனா அவருக்குப் புடிக்காது."

சொல்லி முடிக்கலை... டைகரோட வயிறு உள்ள அமுங்குச்சு. காலு வச்சு எத்துனா அமுங்குமே, அப்படி. நாய் சிமிண்டுத் தரையில சர்ருனு போயி செவுத்துல தொப்புனு மோதுச்சு. ஒரு கத்தல் இல்லை. ஊர்ந்து வந்து அந்தச் சட்டை மேலயே திரும்பப் படுத்துக்கிச்சு. மோவாய் தரையில. வாலு வயித்துக்கடியில.

அடுத்து வெற்றியோட தலை பட்டுனு ஒரு பக்கம் திரும்புச்சு. அவளும் கத்தலை.

அப்பதான் அம்பிகாவுக்கு வெளங்குச்சு. நாய் நிம்மதியாயிடலை. அவன் உள்ள இருந்தா அது அப்படித்தான் கெடக்குமாம். கத்துனா இன்னும் நாலு விழும்ல.

விடிஞ்சதும் அந்தச் சட்டையில கல்லைக் கட்டி பள்ளத்துல வீசிட்டா அம்பிகா. ஒரு லோடு ஆட்டோவைப் புடிச்சு அக்காளையும் நாயையும் நேரா இங்க, வரதராஜன்பேட்டைக்குக் கூட்டியாந்துட்டா. வந்த அன்னிக்கு ராத்திரி டைகர் முனகுச்சு பாரு... தெருவே திட்டுச்சு. வெற்றி மட்டும் அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிறா, அழுவுறா. முனகுறதுக்கு அதுக்குத் தைரியம் வந்துடுச்சுல்ல. அன்னிலேருந்து தினம் முனகுது, தினம் இவ காதைத் தேய்ச்சு விடுறா, தூங்குதுங்க ரெண்டும். அதுக்குத்தான் சொன்னேன், அதட்டாதன்னு. அது முனகுனா அவன் இல்லைன்னு...

இரு.

யாரும் பேசாதீங்க.

நாய் எப்ப நிறுத்துச்சு?

டைகர்... டேய் டைகர்...

அம்பிகா... இந்த இருட்டுல உங்கக்கா யாருக்குடி தட்டு கழுவுறா?